அமாவாசைத் தீ: புதுவை, கடலூர் பயணக் குறிப்புகள்

ஜூலை 4, 2024, வியாழன். புதுச்சேரி

தோழியின் மகள் திருமண வரவேற்பு நேற்று இரவே முடிந்துவிட்டது. மீதமிருக்கும் விடுப்பை மாமா ஊரில் கழிப்பதாகத் திட்டம். அம்மா பிறந்த ஊர் அது. பண்ருட்டிக்கு மேற்கே, செம்மண் பூமி. பலாப்பழத்துக்காகப் போகிறேன் என்று திருப்பூரில் சொல்லிவிட்டு வந்தேன். இன்னொரு காரணமும் உண்டு. ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி, "மருந்துக்கடையே இல்லாத காலத்தில் பூச்சியை எப்படிச் சமாளித்தார்கள், டீச்சர்?" என்று கேட்டாள். வேப்பிலை, சாம்பல் என்று சொல்லத் தொடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. இரண்டு சொல்லில் அடங்குகிற கேள்வி இல்லை அது என்று அன்றிலிருந்தே மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கிறது.

காலை ஐந்தரைக்கே கடற்கரைச் சாலைக்குப் போய்விட்டேன். அப்போதே புழுக்கம். கடல் இருந்தும் காற்று இல்லை. காகிதக் கோப்பையில் டீ பதினைந்து ரூபாய். இரண்டு வாயில் தீர்ந்துவிட்டது. பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் அலைக்குள் வரிசையாக நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு நிலக்கடலை இந்தத் துறையிலிருந்துதான் கப்பலேறி பிரான்சின் மார்செய் நகருக்குப் போய் எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. எங்கள் முன்னோர் கொல்லையில் பிடுங்கிய கடலையும் அதில் ஒரு மூட்டையாவது இருந்திருக்கும்.

நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "உட்காரம்மா. வெயில் ஏறிவிட்டால் இங்கே இருக்க முடியாது." இஸ்திரி மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, தலையில் வட்டத் தொப்பி. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிற இவர்களைப் புதுவையில் 'சொல்தா' என்பார்கள். ஓய்வுக்குப் பிறகு தெற்கு பிரான்சில் மோன்பெலியே பக்கத்தில் சில ஆண்டுகள் இருந்தாராம்; திராட்சை அறுவடைக்குக் கூலிக்குப் போயிருக்கிறார். நான் ஆசிரியை என்றதும் பேச்சு பயிருக்குத் திரும்பியது. பூச்சி என்று சொன்னதுதான் தாமதம், தன் கட்டைவிரல் கணுவை என் முன்னால் நீட்டினார்.

"அங்கே ஒவ்வொரு கொடியிலும் தரைக்குச் சற்று மேலே இப்படி ஒரு முடிச்சு இருக்கும். முடிச்சுக்கு மேலே பிரான்ஸ். கீழே வேர் அமெரிக்கா."

ஃபிலாக்செரா என்கிற பூச்சியின் கதை அது. அசுவினிக்கு உறவு, கண்ணுக்கு ஒரு மஞ்சள் பொட்டுப் போலத்தான் தெரியும். வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கொடிகளோடு வந்து, 1860களில் தெற்கு பிரான்சின் திராட்சை வேர்களை உறிஞ்சத் தொடங்கியது. தோட்டங்கள் ஏன் காய்கின்றன என்று யாருக்கும் விளங்கவில்லை. 1868இல்தான் மோன்பெலியேவைச் சேர்ந்த பிளான்ஷோன் என்ற தாவரவியலாளரும் உடன் சென்றவர்களும் வேரைத் தோண்டிப் பூச்சியைக் கண்டார்கள். அதற்குப் பிறகு அங்கத்து விவசாயிகள் செய்து பார்க்காதது இல்லை. குளிர்காலத்தில் வாரக்கணக்கில் தோட்டத்தை நீரில் மூழ்கடித்தார்கள். மண்ணுக்குள் கார்பன் டைசல்பைடு என்ற நச்சு மருந்தை ஊசிபோல ஏற்றினார்கள். கொடியடியில் உயிருள்ள தேரையைப் புதைத்தவர்களும் உண்டு. மணல் நிலத்தில் அந்தப் பூச்சி பிழைப்பதில்லை என்று கண்டு, அதுவரை யாரும் சீண்டாத கடலோர மணலில் போய்க் கொடி நட்டார்கள். கடைசியில் நிலைத்தது ஒட்டுக் கட்டுதல். பூச்சியோடு பழகிய அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டினார்கள்.

பகலில் அறைக்கு வந்து கணக்கைத் தேடிப் பார்த்தேன். 1875இல் பிரான்சின் ஒயின் உற்பத்தி சுமார் 840 கோடி லிட்டர். 1889இல் சுமார் 230 கோடி. ஒரு நாட்டின் முக்கியமான பயிரை வேரோடு மாற்றி நடவைத்துவிட்டது, ஒரு பொட்டளவுப் பூச்சி. பெரியவர் விரல் கணுவை நீட்டியது கண்ணைவிட்டுப் போகவே இல்லை.

மதியம் சங்கரா மீன் குழம்போடு சாப்பாடு, நூற்றைம்பது ரூபாய். பரிமாறிய அம்மா மீன் துண்டைக் கேளாமலே இரண்டாக வைத்தார். ரசம் மட்டும் உப்பு.

ஜூலை 5, வெள்ளி. கடலூர், பிறகு மாமா ஊர்

காலையில் கடலூர் தேவனாம்பட்டினம். ஆங்கிலேயர் 1690இல் வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டை இங்கேதான் இருந்தது. இடிபாட்டைத் தேடிப் போனேன். அதைவிட என்னை நிறுத்தியது மணலில் முளைத்திருந்த ஒரு சப்பாத்திக்கள்ளிப் புதர். மடல்களில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளைத் திட்டுகள். ஒன்றை விரலால் நசுக்கினேன். இரத்தம் போல அடர்ந்த சிவப்பு! கைக்குட்டையில் துடைத்தேன், அது பாழாகிவிட்டது. வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவப் பெண் ஒருவர் சத்தம் போட்டார்: "முள் குத்திவிட்டதா? இங்கே வா, தண்ணீர் ஊற்றுகிறேன்." முள் இல்லை, பூச்சி என்று காட்டியதும் அருகில் வந்து தானும் ஒன்றை நசுக்கிப் பார்த்தார். இத்தனை வருடம் இந்தப் புதரைத் தாண்டித்தான் போகிறாராம், இதைக் கண்டதில்லையாம்.

இந்தச் சிவப்புக்காகத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி அலைந்தது. சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்ப்பதற்கென்றே கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் நீல்சன் என்ற கேப்டன் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். வந்தது தரமான சாயப் பூச்சி அல்ல, அதன் மட்டமான உறவு. சாய வியாபாரம் விழுந்தது. ஆனால் அந்தப் பூச்சி போன இடமெல்லாம், நிலத்தை அடைத்துக்கொண்டிருந்த ஒருவகைக் கள்ளி அழிந்தது. அதைப் பார்த்து 1830களின் பிற்பாதியில் வேண்டுமென்றே தெற்கே கொண்டுவந்து விட்டார்கள். ஒரு களையை ஒழிக்க ஒரு பூச்சியை ஏவியது உலகில் இதுதான் முதல் முறை என்று சொல்கிறார்கள். இன்னொரு வகைக் கள்ளி அதற்கும் மசியவில்லை. 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் இனம் வந்த பிறகுதான், புறம்போக்கையும் மேய்ச்சல் நிலத்தையும் அடைத்திருந்த அந்தக் கள்ளிக்காடு சில ஆண்டுகளில் சரிந்தது. பூச்சி என்றாலே பகை என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோமே என்று நினைத்தபடி சிவந்த கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டேன்.

திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறினேன். நெல்லிக்குப்பம் வழி என்று நினைத்து ஏறியது பாலூர் வழி. நடத்துநர் மகளிர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. ஒரு மணி நேரம் கூடுதல். ஆனால் வருத்தமில்லை. பக்கத்து இருக்கையில் கத்திரிக்காய்க் கூடையோடு ஒரு அக்கா. பாலூரில் 1905இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தின் பெயரில் கத்திரி ரகமே இருப்பதால், பேச்சு அதில் ஆரம்பித்தது.

"காலையில் கொல்லைக்குப் போனதும் முதலில் நுனியைத்தான் பார்ப்பேன். எல்லாச் செடியும் நிமிர்ந்து நிற்கும்போது ஒரு நுனி மட்டும் தலை தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. அப்படியே கிள்ளி மடியில் போட்டுக்கொள்ள வேண்டும். அங்கேயே எறிந்துவிட்டால் கிள்ளியும் பயனில்லை" என்றார். கிள்ளியதை வீட்டு அடுப்பில் போட்டுவிடுவாராம். இந்தக் காய்ப்புழுவுக்காகத்தான் மரபணு மாற்றிய கத்திரியைக் கொண்டுவரப் பார்த்து, 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. அந்தச் செய்தியெல்லாம் அவருக்கு எட்டியிருக்குமோ என்னவோ, அவர் மடியில் கிள்ளிய நுனிகள் எத்தனை விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். இறங்கும்போது நான்கு காய் என் பையில் போட்டார். காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார்.

மாமா வீட்டு வாசலில் கால் வைக்க இடமில்லை. சாக்கு, பாய், பழைய சேலை எல்லாவற்றிலும் விதை. இன்று ஆனி அமாவாசை. உளுந்து, காராமணி, எள், எல்லாவற்றுக்கும் நடுவே செங்கல் பொடியில் புரட்டியது போல ஒரு குவியல்.

"அது என்ன அத்தை?"

"துவரை அம்மா. செம்மண் கட்டியது."

அறுவடை முடிந்ததும் செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்துத் துவரையில் பிசறி, ஒரு இரவு குவித்துவைத்து, மறுநாள் வெயிலில் காய வைப்பார்கள். அத்தை ஒரு மணியை எடுத்து நகத்தால் சுரண்டினார். மண் ஓடு உதிர்ந்தது. உள்ளே தோல் பளபளவென்று முழுசாக இருந்தது. பிறகு உள்ளே போய், கடையில் வாங்கி மறந்துபோன துவரைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு மணியிலும் ஊசி முனையளவு வெள்ளைப் புள்ளி ஒன்றோ இரண்டோ. பல மணிகளில் வட்டமான துளை. அந்த வெள்ளைப் புள்ளி பயறு வண்டின் முட்டை. வழவழப்பான தோலில்தான் அது முட்டையை ஒட்டவைக்கும். மண் பூசிய மணியில் ஒட்டாது. ஒட்டினாலும் மண்ணோடு உதிரும். இதை அத்தைக்கு அவர் மாமியார் சொல்லிக்கொடுத்தார். அந்த மாமியாருக்கு யார் சொன்னார்களோ!

"அமாவாசை வெயிலில் காய்ந்த விதையில் வண்டு விழாது" என்றார் அத்தை. நிலவுக்கும் வண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் நம்பவில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்ததும் உடம்பு சிலிர்த்தது. நம் ஊர்ச் சூட்டில் பயறு வண்டு முட்டையிலிருந்து முழு வண்டாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அமாவாசைக்கு அமாவாசை விதையை வெயிலில் கொட்டினால், ஒவ்வொரு தலைமுறையும் பெருகுவதற்கு முன்பே ஒரு முறை வெயிலில் வேக வேண்டும். நாட்காட்டி இல்லாத வீட்டில் யாரும் மறக்க முடியாத தேதி அமாவாசைதானே!

மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. காக்கைக்குச் சோறு வைத்து, வாழைக்காய்ப் பொரியலும் வடையும் பாயசமுமாகச் சாப்பிட்டு இலையை எடுத்த நேரம் அது. அடுத்த ஐந்து நிமிடம் வீடே ஓடியது. நான், அத்தை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூவர், தெருவில் போன ஒரு பால்காரர் எல்லாருமாக விதையை அள்ளினோம். அந்தப் பால்காரர் கேனை மண்ணில் வைத்துவிட்டு, நனைந்துகொண்டே கடைசிச் சாக்கைத் திண்ணைக்கு இழுத்துப் போட்டார். நன்றி சொல்வதற்குள் போய்விட்டார். எள்ளில் பாதி வாசல் தண்ணீரோடு போனது. அத்தை அதைப் பார்த்து ஒரு சொல் சொல்லவில்லை. மீந்ததைப் பத்தாயத்தில் கொட்டி, மேலே ஒரு அடுக்கு நொச்சித் தழை வைத்து மூடினார்.

மாமா மட்டும் திண்ணையில் நின்று மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல மழை. நாளை இரவு அந்துப்பூச்சி கிளம்பும்" என்றார்.

ஜூலை 6, சனி. கொல்லை

இன்று நாள் முழுவதும் கொல்லையில்தான். கடலை போட்டு மூன்று வாரம். நான்கு இலைக் கொத்தாய்த் தளதளவென்று நிற்கிறது. மாமாவுக்கு எழுபத்திரண்டு வயது. வரப்பில் எனக்கு முன்னால் வேகமாக நடக்கிறார்.

வேலியோரம் ஒரு வேம்படியில் குந்தி, மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டினார். பழுப்பு நிறத்தில் நான்கைந்து கூட்டுப்புழுக்கள் உருண்டன. ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். நுனி மட்டும் மெல்ல அசைந்தது. சிவப்புக் கம்பளிப்புழு. போன ஆண்டு ஆவணியில் கடலையைத் தின்று முடித்து, மண்ணுக்குள் இறங்கித் தூங்கியது. பத்து மாதத் தூக்கம். கோடை தாண்டி முதல் பெருமழை நனைத்ததும் அந்துப்பூச்சியாகி வெளியே வருகிறது. ஒரு பெண் அந்து எண்ணூறு, ஆயிரம் முட்டை இடும். புழு வளர்ந்ததும் கொல்லைவிட்டுக் கொல்லைக்குப் படையாக நகரும். "பக்கத்தில் நின்றால் தின்கிற சத்தம் கேட்கும்" என்றார் மாமா. கதை சொல்கிற குரலில் சொல்லவில்லை.

"சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்று படித்தவர்களும் சொல்கிறோம். அந்தத் தங்கம் என்ன என்பதை இன்றுதான் கையில் வைத்துப் பார்த்தேன். கோடை உழவில் இந்தக் கூடுகள் மேலே வரும். ஏருக்குப் பின்னால் மைனாவும் கரிச்சானும் கொக்கும் வரிசையாக வரும். பறவை விட்டதை வெயில் முடிக்கும். மாமா இந்த ஆண்டும் சித்திரையில் உழுதிருக்கிறார். மேற்கே ஒட்டியிருக்கும் மூன்று ஏக்கர் உழவில்லாமல் கிடக்கிறது. நிலத்துக்காரர்கள் வெளியூரில். அங்கே மண்ணுக்குள் எத்தனை ஆயிரம் தூங்குகிறதோ!

பழைய முறைகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். புழுப் படை வருகிற திசையில் ஒரு முழ ஆழத்துக்குச் செங்குத்தாகப் பள்ளம் வெட்டுவார்கள். விழுந்த புழு ஏறாது. வரப்போரம் ஆமணக்கு விதைப்பார்கள். புழு முதலில் அதில் ஏறும், பிள்ளைகள் பொறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே மழைக்கு மறுநாள் இரவு. தண்டோரா போடுவார்களாம். ஒரு கொல்லை விடாமல் எல்லாரும் அதே இரவில் தீ மூட்ட வேண்டும். "ஒருவன் மட்டும் மூட்டினால் ஊரில் உள்ள அந்தெல்லாம் அவன் கொல்லைக்குத்தான் வரும். அது பூச்சிக்கு வைத்த விருந்து" என்றார்.

ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்னதிலும் இந்தச் 'சேர்ந்து' என்பதுதான் உள்ளே இருக்கிறது. ஊரே ஒரே வாரத்தில் விதைத்தால், பூச்சிக்கு இளம்பயிர் கிடைப்பது சில நாட்கள்தான். ஆளுக்கொரு நாள் விதைத்தால் அதற்கு ஆண்டு முழுவதும் பந்தி. வெள்ளைக்காரன் ஆட்சிக்கே இது பிடிபட்டது. சென்னை மாகாணத்தில் 1919இல் வேளாண் பூச்சி, நோய்ச் சட்டம் கொண்டுவந்து, ஒரு பகுதியில் ஒரு பூச்சியை அறிவித்துவிட்டால் அங்குள்ள எல்லா உழவரும் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். செய்யாதவன் நிலத்தில் அரசே செய்து செலவை வசூலிக்கலாம். எங்கள் கொங்குப் பக்கத்தில் கம்போடியாப் பருத்திச் செடியைக் குறித்த தேதிக்குள் பிடுங்க வைத்தது இந்தச் சட்டம்தான். தண்டோரா ஊர்க்கட்டுப்பாட்டில் செய்ததைச் சட்டம் அபராதத்தில் செய்தது. எனக்குத் தண்டோராதான் உயர்வாகப் படுகிறது.

மருந்து எப்போது வந்தது என்று கேட்டதும் மாமா சற்று நேரம் பேசவில்லை. பிறகு நெல்லைப் பற்றிச் சொன்னார். நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நடுவது அவர்கள் வீட்டு வழக்கம். குருத்துப்பூச்சி முட்டை இடுவது நுனியில். கிள்ளினால் முட்டையும் போய்விடும். 1966இல் ஐ.ஆர்.8 என்ற புது நெல் ரகம் வந்தது, பின்னாலேயே என்ட்ரின், பி.எச்.சி. பொடி என்று பூச்சிமருந்துகளும் வந்தன. நுனி கிள்ள யாருக்கும் பொறுமை இல்லை. சில ஆண்டுகளில் புகையான் என்கிற பூச்சி விழுந்தது. வட்ட வட்டமாகப் பயிர் புகை பிடித்ததுபோலக் கருகும். அதனால்தான் அந்தப் பெயர். அடித்தார்கள், கூடியது. மேலும் அடித்தார்கள், மேலும் கூடியது. புகையானைத் தின்னும் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் மருந்தில் முதலில் செத்துவிடுகின்றன என்பது பிற்பாடு தெரிந்த விஷயம். இந்தோனேசியா இதே புகையானால் அடிபட்டு, 1986இல் 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக்கூடாது என்று தடுத்தது. மாமாவுக்கு இந்தோனேசியா தெரியாது. "அடிக்க அடிக்க வளர்ந்த பூச்சி அது ஒன்றுதான்" என்று மட்டும் சொன்னார்.

இரவு ஏழு மணி. நேற்று அமாவாசை, அதனால் இருட்டு கெட்டி. கொல்லை நடுவில் அகலமான அலுமினியத் தொட்டி, அதில் தண்ணீர், மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய். தொட்டிக்கு மேலே கம்பில் பல்பு. நான்கு மூலையிலும் முந்திரிச் சருகுக் குவியல். மாமா சருகில் தீ வைத்தார். கிழக்கே ஒரு தீ எழுந்தது. தெற்கே இரண்டு. அவர் கைப்பேசியில் சொல்லி வைத்தவர்கள். மேற்கு இருட்டாகவே இருந்தது.

முதல் அந்து ஏழரைக்கு வந்தது. வெள்ளை இறக்கை, முன்விளிம்பில் மஞ்சள் கோடு, பழுப்புக் கீற்றுகள். பின் இறக்கையில் கறுப்புப் பொட்டு. அழகான பூச்சி என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. எட்டு மணிக்கு என் முகம், முந்தானை, தலைமுடி எங்கும் மோதின. தொட்டியில் 'தப் தப்' என்று விழுகிற சத்தம். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி ஒவ்வொன்றாக எண்ணினாள்; இருநூற்றுப் பன்னிரண்டில் தூங்கிவிட்டாள். பத்தரை வரை உட்கார்ந்திருந்தோம். கொசு என்னைத் தின்றுவிட்டது. அத்தை தூக்கில் கொண்டுவந்த கம்பங்கூழும் மோர்மிளகாயும் போல ஒரு சாப்பாட்டை அண்மையில் நான் சாப்பிடவில்லை.

ஜூலை 7, ஞாயிறு. நெல்லிக்குப்பம்

உடம்பு முழுவதும் வலி. இருந்தும் அத்தையின் தம்பி வீட்டுக்குப் போனோம். நாட்டுக்கோழிக் குழம்பு என்று சொல்லிவிட்டார்கள். 1842இலேயே சர்க்கரை ஆலை கண்ட ஊர். எங்கு பார்த்தாலும் கரும்பு.

ஆறு மாதக் கரும்பில் சோகை உரித்துக்கொண்டிருந்தார்கள். காய்ந்த தோகையைக் கீழிருந்து உரித்துப் பாரில் போடுவது. காற்று நுழையும், இடைக்கணுப் புழு அண்டாது. உள்ளே நுழைந்ததும் தோகை விளிம்பு என் முழங்கையில் கோடு கிழித்தது. அங்கே ஒரு தோகையின் அடிப்பக்கம் தபால்தலை அளவு அட்டைத் துண்டு குத்தியிருந்தது. சொரசொரப்பாக, கறுப்பு மணல் தூவியதுபோல. ஒட்டுண்ணி அட்டை. அந்த மணல் ஒவ்வொன்றும் ஒரு முட்டை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி. வெளியே வந்து புழுவின் முட்டைகளைத் தேடி அவற்றுக்குள் தன் முட்டையை வைக்கும். நான்காம் மாதத்திலிருந்து பதினைந்து நாளுக்கொரு முறை, ஆறு தடவை கட்டுவார்கள்.

அந்தக் குளவியை வளர்க்க ஆய்வகத்தில் பயன்படுவது அரிசி அந்துப்பூச்சியின் முட்டை. நேற்று முன்தினம் அத்தை பத்தாயத்தை நொச்சித் தழையால் மூடியது அந்தக் குடும்பத்துப் பூச்சிக்காகத்தான். அத்தையிடம் சொன்னேன். "நாம் விரட்டியதை அவர்கள் வளர்க்கிறார்களா?" என்று அட்டையை வெகுநேரம் பார்த்தார். அது எதற்கென்று தம்பியிடம் இருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஜூலை 8, திங்கள். பண்ருட்டி

பலாச் சந்தையில் பத்துக் கிலோப் பழம் இருநூறு ரூபாய். சீசன் முடிகிற நேரம். வியாபாரி ஒரு கீறு கீறிச் சுளை எடுத்துக் கொடுத்தார், தேன்தான். தூக்க முடியாமல் ஒன்று மட்டும் வாங்கினேன்.

வழியில் மாமா தன் முந்திரித் தோப்பைக் காட்டினார். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையேறியபோது இங்கே விழாத மரம் குறைவு. பிழைத்த ஒரு பழைய மரத்தின் அடியில் துளை, துளையிலிருந்து மரத்தூளும் பிசினும். தண்டுத் துளைப்பான். மாமா கம்பியை விட்டுக் குடைந்து, விரல் தடிமனில் வெள்ளைப் புழுவை வெளியே இழுத்தார். துளையை மண்ணால் அடைத்தார். இந்த மரத்தை இப்படி மூன்று ஆண்டாகக் காப்பாற்றி வருகிறாராம். "பெரிய மரம். கைவிட மனசு வரவில்லை."

விழுப்புரம் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அத்தை மடியில் ஒரு துணிமூட்டையைத் திணித்தார்: செம்மண் கட்டிய துவரை. திருப்பூர் வந்து சேர்வதற்குள் முந்தானை சிவந்துவிட்டது.

ஜூலை 9, செவ்வாய். திருப்பூர்

ஏழாம் வகுப்பு மேசையில் இரண்டு துவரைகளை வைத்தேன், மண் பூசியது ஒன்று, துளை விழுந்தது ஒன்று. நான் எதுவும் சொல்லவில்லை. கேள்வி கேட்டவள் இரண்டையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

இரவு ஒன்பதரைக்கு மாமா அழைத்தார். நேற்றும் மழையாம். காற்றுச் சத்தம் கேட்டது, கொல்லையில் இருக்கிறார்.

"கிழக்கே எல்லாரும் விளக்கு வைத்துவிட்டார்கள். மேற்கே ஆள் இல்லை அல்லவா, அதனால் அங்கேயும் ஒரு தொட்டியை நானே கொண்டுபோய் வைத்துவிட்டேன். நிறைய விழுகிறதம்மா" என்றார்.